பெட்டி அதே பெட்டி, சிப் வேறு

மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கும் அந்த மனிதரைத் தெருவில் எல்லாரும் 'ஆன்டெனா' என்றுதான் கூப்பிடுவார்கள். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட பழைய லேப்டாப்பில் வைஃபை கார்டு முரண்டு பிடித்தால் அவரைத்தான் தேடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக எல்லாம் ஓசி சேவை. கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

மாடி அறையில் குடியிருக்கும் நர்சம்மாவுக்கு அன்று நாலு மணிக்கு வீடியோவில் நேர்காணல். வேலை போய் எட்டு மாதம். லேப்டாப்பில் இருந்த கார்டு செத்துப்போனதால், யுஎஸ்பியில் செருகும் புதுக் கார்டு ஒன்றை ஆன்டெனா வாங்கி வந்திருந்தார்.

"போன மாசம் இன்னொரு வீட்டுக்கும் இதே பெட்டிதான்மா. அஞ்சு நிமிஷ வேலை."

கார்டை லேப்டாப்புக்குப் புரியவைக்கும் டிரைவரை, போன மாதம் போட்ட அதையே போட்டார். கார்டு அசையவில்லை. வேறு துளையில் செருகிப் பார்த்தார். மணி மூன்றாகிவிட்டது. கார்டு செய்தவனின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினார்.

"விடுங்கண்ணா. வேற நாள் தருவாங்களான்னு கேட்டுப் பாக்கறேன்."

தர மாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

அப்போதுதான் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு கட்டளை தட்டி உள்ளே இருக்கும் சிப்பின் எண்ணைப் பார்த்தார். வேறு சிப்! கம்பெனிக்காரன் பெயரை மாற்றாமல் சரக்கை மாற்றியிருந்தான். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

ஜன்னலோரம் போனில் ஒரு கோடு சிக்னல் வந்தது. வீடியோவுக்குப் போதாது, டிரைவரை இறக்கப் போதும். போனைக் கேபிளில் இணைத்து, இந்தச் சிப்புக்கென்று முகம் தெரியாத யாரோ இலவசமாக எழுதி வைத்திருந்த டிரைவரை இறக்கிப் போட்டார். மூன்றே முக்காலுக்குக் கீழ்வீட்டு வைஃபையின் பெயர் திரையில் வந்தது. நர்சம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து, வெளியே காத்திருந்த அவரிடம் ஓடி வந்தாள்.

"கிடைச்சிருச்சுண்ணா! உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"எனக்கு எதுக்கு? அதை எழுதினாரே, அவருக்குச் சொல்லணும்."

"நீங்க ஒவ்வொரு தடவையும் சொல்லிருவீங்களா?"

ஆன்டெனா மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் உழைப்பை உரிமையோடு எடுத்திருக்கிறார்! ஒருவருக்கும் ஒரு வரி எழுதியதில்லை. வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தார். தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், 'ஐயா, உங்கள் டிரைவரால் எங்கள் வீதியில் ஒரு நர்சுக்கு வேலை கிடைத்தது. ரொம்ப நன்றி' என்று எழுதி அனுப்பினார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. மதியம் மனைவி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, வாசலில் வந்து நின்றாள்.

"அப்படி என்னதான் எழுதறீங்க?"

"நீ சாப்பிடும்மா. இன்னும் பதினோரு பேருக்குச் சொல்லணும்."