மதினி பிடித்த பிடி

அந்த லைஃப் ஜாக்கெட்டை நினைத்தால் இன்றும் அதன் வாடைதான் முதலில் வருகிறது. எத்தனையோ பேருடைய வியர்வை ஊறி, மே மாத வெயிலில் காய்ந்து, மொறமொறவென்று இருந்த ஆரஞ்சு நிறச் சட்டை. பிள்ளைகள் அளவில் இல்லை என்று பெரியவர்களுடையதையே அண்ணன் மகளுக்கு மாட்டியிருந்தார், அணையைச் சுற்றிக்காட்ட எங்களை ஏற்றிக்கொண்ட படகுக்காரர். அன்று காலையில்தான் அவளுக்கு மொட்டை போட்டிருந்தோம். சந்தனம் பூசிய தலையோடு அதற்குள் நின்றவள், "அரிக்குதும்மா" என்று அழுதாள். கால்களுக்கு இடையே கொடுத்துக் கட்டியிருந்த வாரை மதினி அவிழ்த்துவிட்டாள். "கொஞ்ச நேரந்தான, அதான் மேல போட்டிருக்கால்லா" என்றாள். அதைப் பார்த்த அண்ணனும் வெக்கை தாங்கவில்லை என்று தன்னுடையதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

நாங்கள் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல்காட்டு ஆட்கள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் லாரியில் வருவது, குடத்தில் பிடிப்பது. வீட்டில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. அண்ணனுக்கும் மதினிக்கும் நெடுங்காலம் பிள்ளையில்லை. மலையடிவாரத்து அணைக்கரையில் இருக்கும் எங்கள் குலசாமி சாஸ்தாவுக்கு நேர்ந்துகொண்ட பிறகு பிறந்தவள் இவள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் வகுப்பு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு, டீச்சர்களிடம் பேச்சு வாங்கியும் நகராதவள் எங்கள் மதினி. பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். அவ்வளவு பயம் உள்ளவள்தான் அந்த வாரை அவிழ்த்தாள் என்பதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்கு எப்படிப் பயப்படவேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பஸ் கோவிலைத் தாண்டினால் உட்கார்ந்திருப்பவர்கள் பாதியாவது எழுந்து, அந்தப் பக்கமாகச் சாய்ந்து ஒரு கும்பிடு போடுவார்கள். தூங்குகிறவரைக்கூடப் பக்கத்து சீட்டுக்காரர் தட்டி எழுப்பிவிடுவார். படகு வளைவில் திரும்பியதும் கரையில் சாஸ்தா கோவில் தெரிந்தது. "அய்யா கோயிலு!" என்றாள் மதினி. அவ்வளவுதான், படகில் இருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து அந்தப் பக்கம் சாய்ந்தோம். "எந்திரிக்காதிய! உக்காருங்க!" என்று படகுக்காரர் கத்தியது ஒருவர் காதிலும் ஏறவில்லை. கும்பிடுவதற்காக மதினி மகளின் கையை விட்டாள். படகு சரிந்தது. பிள்ளை தண்ணீரில் விழுந்தாள்.

சட்டை மேலே வந்தது, முகம் வரவில்லை. வார் இல்லாததால் சட்டை காதுக்கு மேலே ஏறிக்கொள்ள, அவள் அதற்குள்ளிருந்து கீழே நழுவிக்கொண்டிருந்தாள். ஒரு சின்னக் கை மட்டும் வெளியே தெரிந்தது. அண்ணன் படகின் விளிம்பில் ஒரு காலை வைத்துவிட்டான். மடியில் இருந்த ஜாக்கெட் எங்கே விழுந்ததோ தெரியாது. அப்போதுதான் மதினி பின்னாலிருந்து அவன் வேட்டியை இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள். பிடித்தபடியே பலகையில் உட்கார்ந்து, எதிர்ப் பலகையில் காலை முட்டுக்கொடுத்தாள். "விடுட்டி! எம்பிள்ள, விடுட்டி!" என்று அவள் கையில் ஓங்கி ஓங்கி அடித்தான் அண்ணன். அவள் விடவில்லை. "ஒங்களுக்கு நீச்சத் தெரியாதுல்லா! உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில்தான் நாங்கள் பொத்தென்று உட்கார்ந்தோம், படகும் நிலைக்கு வந்தது. படகுக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, நுனியில் கொக்கி வைத்த கம்பை நீட்டி, சட்டையின் கழுத்தில் மாட்டி மெல்ல இழுத்தார். எங்கே சட்டை மட்டும் கழன்று வந்துவிடுமோ என்று எனக்கு உயிரே இல்லை. நல்லவேளை, பிள்ளையின் இன்னொரு கை சட்டைக்குள்ளேயே சிக்கியிருந்தது. தூக்கிப் போட்டதும் தண்ணீரைக் கக்கினாள். பிறகு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைப்போல நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

பிள்ளை பிழைத்தாள், ஆனால் அண்ணன் மனது ஆறவில்லை. "பெத்தவ செய்ற காரியமாலே இது? பிள்ள முங்குது, என்னயப் பிடிச்சு நிறுத்துதா" என்று என்னிடம் சொல்லிக் கண்கலங்கினான். நீ குதித்திருந்தால் படகே கவிழ்ந்திருக்கும் என்று நான் எடுத்துச் சொன்னேன். அவனுக்கும் அது தெரியும். தெரிந்தும் மதினியிடம் பழையபடி முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே தட்டத்தில் பிள்ளைக்கு இரண்டு பேரும் ஊட்டிவிட்டார்கள், அவர்களுக்குள் மட்டும் பேச்சு இல்லை. எனக்கு மதினியை நினைத்தால் பாவமாக இருக்கும்.

அந்த மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் நான் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, தோழிகளோடு டூர் போகவேண்டும், அதில் படகும் உண்டு என்று வந்து நின்றாள். அண்ணன் ஒரே பேச்சாக முடியாது என்றான். கூடவே, "ஒங்கம்மகிட்டக் கேளு. அவளுக்குத்தான் பிள்ள தண்ணியில கெடந்தாலும் நெஞ்சு பதறாது" என்றான். இந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடும் மதினி அன்று போகவில்லை.

"போயிட்டு வாட்டி" என்றாள் மகளிடம். "வாரெல்லாம் இறுக்கிக் கட்டிக்கோ. எந்தக் கோயிலு வந்தாலும் எந்திரிக்காத. சாமி ஒண்ணும் நெனைக்காது."

பிறகு அண்ணனைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினாள். "நான் அவியளப் பிடிச்சு நிறுத்துனேன்னுதான் எல்லாரும் நெனைக்கிய. மொதல்ல குதிக்கப் போனது நாந்தான் தம்பி. எதையாவது பிடிக்கலன்னா அன்னைக்கே போயிருப்பேன். கைக்கு அவிய வேட்டிதான் ஆம்பிட்டுது."

அண்ணன் மதினியின் பக்கம் திரும்பினான்.

"நீயுமாட்டி குதிக்கப் பாத்த?" என்று கேட்டான். அவ்வளவு மெதுவாக அவன் மதினியிடம் பேசி நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.