மற்றக் காலையும் பார்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் சிலிம் ரிவர் என்ற ஊருக்கு மேற்கே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரஸராக இருந்தேன். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை, எட்டுக் கட்டில், ஓர் ஆயா, அப்புறம் நான். டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவார். மற்ற நாட்களில் தோட்டத்துச் சனத்துக்கு நான்தான் டாக்டர். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, ஈப்போவில் இந்த வேலையைப் படித்து முடித்திருந்தேன். படித்த கர்வம் தலையிலிருந்து இறங்காத வயது.

மூட்டுகள் என்றால் எனக்குத் தனிப் பிரியம். இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது, லேசில் நழுவாது. தோளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் அது, சுற்றியிருக்கும் தசையும் நாரும் பிடித்துக்கொண்டிருக்கும்வரைதான் நிற்கும். முழங்கால் இன்னும் மோசம். ஓர் எலும்பின் மேல் இன்னோர் எலும்பு சும்மா நிற்கிறது. பக்கத்துக்கு ஒரு நார், உள்ளே குறுக்கும் மறுக்குமாக இரண்டு நார். இந்த நான்கையும் நம்பித்தான் மனுஷன் நடக்கிறான். இதைப் படித்த நாளிலிருந்து யார் படியிறங்கினாலும் என் கண் முழங்காலுக்குத்தான் போகும். என் சுபாவம் அப்படி.

ஒரு நாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண்ணொருத்தி வந்தாள். முப்பது வயதிருக்கும். பத்து நாளைக்கு முன் மலைக்காட்டில் கால் வழுக்கித் திரும்பியபோது இடது முழங்காலுக்குள் 'டப்' என்று ஏதோ அறுந்த சத்தம் கேட்டதாம். வீங்கியது, வீக்கம் வடிந்தது. ஆயாவை மட்டும் பார்த்துக்கொண்டு அவள் பேசினாள்.

"வலி இல்லீங்க. எறங்கறப்ப காலு அது பாட்டுக்குப் போவுதுங்க."

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு மாதத்துக்குக் கீழே சமநிலத்தில் வேலை. அதற்கு என் கையால் ஒரு சீட்டு வேண்டும். கங்காணியோ முந்திக்கொண்டு, அவள் மலையேறச் சோம்பல்பட்டு நடிக்கிறாள் என்று சொல்லி அனுப்பியிருந்தான். வலியில்லாத நோய் என்றதும் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. நார் பாதி கிழிந்தால்தான் உயிர் போகிற வலி, முழுதாக அறுந்துவிட்டால் வலி குறைந்துபோவதும் உண்டு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முழங்காலை மடக்கிவைத்து, கணைக்கால் எலும்பை முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். உள்நார் அறுந்திருந்தால் எலும்பு கையோடு வரும். ஆனால் பெண்பிள்ளையின் முழங்காலை ஆண்பிள்ளை தொடுவதாவது! அவள் சேலையை இறுகப் பிடித்திருந்தாள். எனக்கும் கூச்சம். ஆகவே ஒரு துப்பட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, நான் சுவரைப் பார்த்து நின்றபடி உத்தரவு கொடுத்தேன். ஆயா உள்ளே என் கைகளாக இருந்தாள்.

"வருதோ?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் வருதுங்க ஐயா. எல்லாருக்கும் வர்ற மாதிரிதான்."

எல்லாருடைய முழங்காலையும் ஆயா எங்கே இழுத்துப் பார்த்தாள்? அதைக் கேட்கத் தோன்றவில்லை. கால் நன்றாக இருக்கிறது, மலை வேலைக்குப் போகலாம் என்று எழுதிவிட்டேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். கால் போனவர்களைத் தோட்டம் வைத்துக்கொள்ளாது, ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றிவிடும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் கூட்டம் குறைந்தபின் மனசு கேட்காமல் புத்தகத்தைப் புரட்டினேன். சில பேருக்குப் பிறவியிலேயே மூட்டு இளக்கம், அதனால் நல்ல காலையும் இழுத்துப் பார்த்து ஒப்பிடாமல் முடிவுக்கு வரக்கூடாது என்று இருந்தது. பாடம் கேட்டபோது நானே கோடு போட்டுவைத்த வரி. மணி பத்தைத் தாண்டியிருந்தது. பால் எடுத்துக்கொண்டு இறங்குகிற நேரம். ஆயாவிடம்கூடச் சொல்லாமல் மலைப்பாதையில் ஓட்டமும் நடையுமாக ஏறினேன்.

பாதி வழியில் அவளைக் கண்டேன். தோளில் காண்டாக் கம்பு, இரு முனையிலும் பால் நிறைந்த வாளி. ஓர் ஆள் நடக்கக்கூடிய பாதை, இரவு பெய்த மழையில் சேறு. அவள் நேராகக் காலெடுத்து வைத்துத்தான் இறங்கினாள். நேராக நடக்கிறவரை அந்தக் கால் தாங்கும். ஊன்றிய காலில் திரும்பினால்தான் ஆபத்து. கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புவாளோ என்று பயந்து பாதையிலேயே நின்றேன். ஓர் அடி. இன்னோர் அடி. என் வாழ்நாளில் ஒரு பெண்ணின் காலை அத்தனை கவனமாகப் பார்த்ததில்லை. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படவில்லை.

அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

தோட்டத்தில் ஒரு வழக்கம். துரையோ கணக்கெழுதும் கிராணியோ டிரஸரோ எதிரே வந்தால் கூலிச்சனம் பாதையை விட்டு விலகி நிற்கும். சுமையோடு வந்தாலும் அப்படித்தான். யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, நானும் அதுவரை யோசித்ததில்லை. அவள் இடது காலை ஊன்றி, எனக்கு வழிவிட ஓரமாகத் திரும்பினாள். வேண்டாம் என்று நான் கையை நீட்டுவதற்குள் முழங்கால் உள்பக்கம் மடிந்துவிட்டது.

பால் சேற்றில் வெள்ளையாக ஓடியது. நான் அங்கேயே மண்டியிட்டு, துப்பட்டியும் இல்லாமல், ஆயாவும் இல்லாமல், அவளுடைய இரண்டு காலையும் பிடித்துப் பார்த்தேன். வலது காலில் எலும்பு அசையவில்லை. இடது காலில் எலும்பு என் கையோடு வந்தது. இப்போது பக்கத்து நாரும் போயிருந்தது. பின்னால் இறங்கி வந்தவர்கள் வாளிகளை இறக்கிவைத்தார்கள்.

தப்பு என்னுடையது என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கொட்டின பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வர்றீங்கன்னுதான் ஒதுங்குனேன் ஐயா. பாலு போனது என் தப்பில்லேன்னு கங்காணிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்." பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள், "இப்பவாச்சும் சமநெலத்துக்குச் சீட்டு எழுதுவீங்களா?"

சட்டைப்பையில் பென்சில் இருந்தது. அங்கேயே என் முழங்காலில் வைத்து எழுதிக் கொடுத்தேன். அவள் அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அவள் ஒரு நாள்கூட வேலைக்குப் போகவில்லை. தோட்டம் அவளைக் கப்பலேற்றிவிட்டது.