எண்ணெய்த் தலையோடு பார்த்த படம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், தென்காசியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நூலகத்தில் நடந்தது இது. நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் கர்வமும் வருகிறது.

தென்காசியில் வாக்கப்பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். சாரல் தொடங்கிவிட்டால் வீடு லாட்ஜாகிவிடும். வருடம் முழுக்க போன்கூடப் பண்ணாத சொந்தங்களுக்கெல்லாம் அப்போதுதான் நம் மேல் பாசம் பொங்கும். "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்பார்கள். பையைத் திறந்தால் மேலாகவே துண்டும் எண்ணெய் பாட்டிலும் இருக்கும். அவர்கள் வருவது எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அருவியில் நின்றுவிட்டு வந்தால் எடுக்கிற பசி இருக்கிறதே, அந்தப் பசிக்கு இட்லி அவிப்பது நான். அவர்கள் கழற்றிப் போடும் ஈரத் துண்டுகளைப் பிழிந்து, சாரலில் காயாமல் நாறுவதை ஃபேனுக்குக் கீழே விரித்துப் போடுவதும் நான்.

நான் பிறந்தது தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்கிற ஊர். மாப்பிள்ளைக்குத் தென்காசி என்றதும் நான் தலையாட்டியதே பாதி குற்றாலத்துக்காகத்தான். கல்யாணமாகிப் பதினைந்து வருடம் தாண்டியும், பெருகி விழும் மெயினருவியில் அந்த நாள்வரை ஒரு தடவைகூட நான் தலையைக் கொடுத்ததில்லை. சீசன் முடிந்து, பாறையில் நூல் மாதிரி வழியும்போது போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். சீசனில் எனக்குத் தெரிந்த குற்றாலம் அந்த ஈரத் துண்டுகள்தான்.

எனக்கென்று இருந்த ஒரே ஆறுதல் நூலகம். அங்கே குடும்ப வாழ்க்கை பற்றிய ஆவணப்படங்கள் நிறைய வைத்திருக்கிறார்கள். கதாநாயகன், சண்டை, பாட்டு எதுவும் இருக்காது. ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு குடும்பம் எழுந்திருக்கும், சமைக்கும், சண்டை போடும், தூங்கும். அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கும் ஆசை யாருக்குத்தான் இல்லை? சனிக்கிழமை மதியம் நூலகர் அம்மா அதில் ஒன்றைத் திரையில் போடுவார். படம் முடிந்ததும் பார்த்தவர்கள் மைக்கில் இரண்டு வார்த்தை பேச வேண்டும், அது அங்கே வழக்கம். நான் ஒருநாளும் பேசியதில்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டில் விருந்தாளிகள் என் கணவரின் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் பிள்ளைகளும். அவர் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரை அண்ணாச்சி என்றும் அக்காவை மதினி என்றும்தான் கூப்பிடுவேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, என் கணவரோடு வாடகை வேனில் ஏறிவிட்டார்கள். அருவி திறந்திருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் வீட்டைப் பூட்டிவிட்டு, படம் போட இன்னும் நேரமிருக்கிறதே என்று நிம்மதியாக நூலகத்துக்கு நடந்தேன்.

போய் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் கணவர் போன் செய்தார்.

"தண்ணி பயங்கரமா வருதாம். குளிக்கத் தடைன்னு திருப்பி விட்டுட்டாவ. நீ எங்கன இருக்க? சாவி உன்கிட்டல்லா இருக்கு?"

சாவி வாங்க வந்தவர்கள் நூலக வாசலில் இறங்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. எண்ணெய் மினுங்கும் தலைகளோடு, கழுத்தில் துண்டோடு, வரிசையாக உள்ளே வந்தார்கள். நூலகர் அம்மா பதறிப்போய் நாற்காலிகளின் முதுகில் பழைய பேப்பரை விரித்தார். பிறகு விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டுவிட்டார்.

வடக்கே எங்கோ ஒரு மலைக் கிராமம். பேச்சு புரியவில்லை, கீழே தமிழில் எழுத்து ஓடியது. ஒரு அம்மா விடியும் முன் எழுந்து அடுப்பு மூட்டுகிறாள், மாட்டைக் கவனிக்கிறாள், எல்லோருக்கும் ரொட்டி போடுகிறாள். ஒரு இடத்தில் குடும்பமே போட்டோவுக்கு நிற்கிறது. அதற்குள் பால் பொங்குகிறது என்று அவள் உள்ளே ஓடிவிடுகிறாள். அவள் இல்லாமலே போட்டோ எடுத்து முடித்துவிடுகிறார்கள்.

விளக்கு எரிந்ததும் அண்ணாச்சிதான் முதல் ஆளாக மைக்கை வாங்கினார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல குரல்.

"அந்த வீட்டுக்காரனைப் பாத்தீயளா? ஒரு செம்பு தண்ணி தானா எடுத்துக் குடிக்கானா? அந்தப் பொம்பள தேஞ்சு போறது ஒருத்தன் கண்ணுலயாவது படுதா? என் கையில கெடச்சா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயி விசாரிச்சிருப்பேன்!"

கைதட்டல் அடங்குவதற்குள் என் கணவர் போனைக் காதில் வைத்தபடி துள்ளி எழுந்தார். "அத்தான், தடைய எடுத்துட்டாவளாம்! கெளம்புங்க!"

அண்ணாச்சி மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே என் பக்கம் திரும்பினார். "தாயி, நாங்க ஒரு குளியல் போட்டுட்டு வந்துருதோம். நீ வீட்டுக்குப் போயி இட்லிய ஊத்தி வை. சட்னி கெட்டியா இருக்கட்டும்."

கெட்டிச் சட்னி ஸ்பீக்கர் வழியாக நூலகம் முழுக்கக் கேட்டது. பின் வரிசையில் இருந்து ஒரு அம்மா கேட்டார். "ஐயா, இப்ப யாரை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவணும்?"

கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி சிரிப்பு. அண்ணாச்சியின் முகம் எண்ணெயையும் மீறிச் சிவந்துவிட்டது. நூலகர் அம்மா அவர் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கி என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கணவர் முகத்தைப் பார்த்தால் தைரியம் போய்விடும் என்று திரையையே பார்த்துக்கொண்டு பேசினேன்.

"அண்ணாச்சி, மாவு ஃபிரிட்ஜ்ல இருக்கு. தேங்கா உடைச்சு வச்சிருக்கேன். பொரிகடல மேல் தட்டுல நீல மூடி போட்ட டப்பா. நான் குளிக்கப் போறேன்."

வீட்டுச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்! மதினி என்ன சொல்வாரோ என்று பயந்தேன். அவரோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். "ஏட்டி, என் மாத்துச் சேல ஒண்ணு உனக்கு இருக்கு. வா போவோம். சென்னையில எங்க வீட்டுலயும் இதே கததான்." பிள்ளைகளும் எங்களோடு வேனில் ஏறினார்கள். ஆண்கள் இருவரும் எண்ணெயும் சாவியுமாக வாசலில் நின்றார்கள்.

பெண்கள் பக்கம் கூட்டம் நெருக்கியது. மதினி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். தலையிலும் முதுகிலும் பத்துப் பேர் சேர்ந்து மொத்துவது போல் விழுந்தது தண்ணீர். மூச்சு முட்டியது, கண் திறக்க முடியவில்லை. வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. யாருக்கும் கேட்காது என்பதால் இன்னொரு தடவையும் கத்தினேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் நான் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்தால் அண்ணாச்சி எண்ணெய்த் தலையோடு இட்லிச் சட்டி முன்னால் நிற்கிறார். என் கணவர் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருக்கிறார். இட்லி சப்பையாக இருந்தது, சட்னியில் உப்பே இல்லை. அந்தப் பசிக்கு நான் எத்தனை இட்லி தின்றேன் என்று கேட்காதீர்கள். "தாயி, இதுக்கு பந்தோபஸ்து டியூட்டியே தேவலாம்லா" என்று அண்ணாச்சி முனகினார். குற்றாலத்துக்கென்று தேய்த்த எண்ணெயை இருவரும் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில்தான் கழுவினார்கள்.

சீசனுக்குச் சொந்தங்கள் இப்போதும் வருகிறார்கள், நானும் இட்லி அவிக்கிறேன், ஆனால் முதல் குளியல் எனக்கு. பதினைந்து வருடமாக யாராவது "நீயும் வா" என்று கூப்பிடுவார்கள் என்று காத்துக்கிடந்தவள், மாவு இருக்கிற இடத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பிய அந்தச் சாயங்காலம், கொடியில் மற்றவர்களுடையதோடு என் துண்டும் ஈரம் சொட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மறுபடியும் நினைவுக்கு வருகிறது.