பின்னால் நிற்பவரின் கை

எங்கள் திடலில் மாலை நான்கு மணி ஆனால் நாற்காலிகள் வெளியே வந்துவிடும். சூரியன் இறங்குவதைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறோம் என்று புதிதாக வருபவர்களிடம் சொல்லிக்கொள்வோம். அது பொய். அந்த நேரத்தில்தான் அன்றைய வண்டிகள் வந்து சேரும். சக்கரம் வைத்த முப்பது நாற்பது அடி நீள வீட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறவர், அதை மின்கம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவே ரிவர்ஸில் நுழைத்தாக வேண்டும். புருஷன் ஓட்டுவார், பெண்டாட்டி பின்னால் நின்று கை காட்டுவாள். ஐந்தாவது நிமிடத்தில் முப்பது வருடக் கல்யாண வாழ்க்கை சந்திக்கு வந்துவிடும். அரிசோனா பாலைவனத்தில் எங்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது.

இந்தத் திடலை ஒன்பது குளிர்காலமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நானும் சக்கரத்தின் மேல் குடியிருப்பவள்தான். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் யாரையும் லேசில் புகழ மாட்டேன். வீட்டை விற்றுவிட்டு வண்டியில் கிளம்புகிற பத்து ஜோடிகளில் ஏழு ஜோடி இரண்டாவது வருடமே சுவரும் கூரையும் தேடி ஓடிவிடும். மீதி மூன்றில் இரண்டு, ஓட வழியில்லாமல் இருக்கும். மிச்சமிருப்பது ஒன்று. அப்படி ஒன்றாக நான் பார்த்தது வெர்னாவையும் டெல்பர்ட் ஹாஸ்கின்ஸையும்தான்.

அயோவாக்காரர்கள். டெல்பர்ட் பள்ளிக்கூடங்களில் கொதிகலன் பழுதுபார்த்தவர். வெர்னா அதே பள்ளிகளில் ஒன்றில் சமையற்கூடத்தை நடத்தியவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, இருவருக்கும் வேலை முடிந்த அதே கோடையில், வீட்டுச் சாமானையெல்லாம் வாசற்புல்லில் பரப்பி விற்றார்கள். பியானோ போனபோது வெர்னா கண் கலங்கவில்லையாம். மாவு சலிக்கிற சல்லடையை யாரோ எடுத்துக்கொண்டு போனபோதுதான் உள்ளே போய் அழுதாராம். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு வந்து, அடுத்ததாகக் கட்டிலை விற்றார்.

வண்டிவீட்டுக்கு வெர்னா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. உள்ளே ஒன்று வந்தால் வெளியே ஒன்று போக வேண்டும். தட்டு நான்கு, குளிர்கோட்டு ஆளுக்கு ஒன்று. டெல்பர்ட் ஒருமுறை எங்கோ பழைய சந்தையில் ஒரு அக்கார்டியனை ஆசையாக வாங்கிவந்தார். பதிலுக்கு எது போகப்போகிறது என்று வெர்னா கேட்க, அவர் இரண்டு நாள் யோசித்துத் தன் மீன்பிடிப் பெட்டியைத் தானம் செய்தார். அக்கார்டியன் வாசிக்க அவர் இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை. மீனும் போயிற்று.

சண்டை இல்லாமல் இல்லை. முப்பத்துநான்கு அடிக்குள் கோபித்துக்கொண்டு எங்கே போவது? வெர்னா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து வண்டியை நான்கு சுற்று சுற்றுவார். டெல்பர்ட் குளியலறைக்குள் போய்ப் பத்திரிகை படிப்பார். நான்காவது சுற்றில் வெர்னா குளியலறைச் சன்னலைத் தட்டி, காப்பி வேண்டுமா என்று கேட்பார். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஆனால் அவர்களைப் பற்றி ஊரெல்லாம் பேசியது அந்த ரிவர்ஸைப் பற்றித்தான். மற்ற ஆண்கள் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்துவார்கள். டெல்பர்ட் சன்னலைக்கூட இறக்க மாட்டார். கண்ணாடியில் வெர்னாவின் கை தெரியும், அது போதும். விரித்த உள்ளங்கை என்றால் மெதுவாக. மூடினால் நில். முழங்கை ஒரு பக்கம் மடிந்தால் வண்டியின் வால் அந்தப் பக்கம் போக வேண்டும். ஒரு சொல் கிடையாது. ஏழு நிமிடத்தில் வண்டி உள்ளே இருக்கும். பார்க்க உட்கார்ந்த நாங்கள் ஏமாந்துபோவோம்.

போன வருடம் டெல்பர்ட்டின் கண் கெட ஆரம்பித்தது. விழியின் நடுப்பகுதி தேய்ந்துபோகிற நோய். எதை நேராகப் பார்க்கிறாரோ அது மறைந்துவிடும், ஓரங்கள் மட்டும் தெரியும். இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழகியவர்கள் வண்டியை ஓட்டிக்கொடுத்த தயவில் எப்படியோ நவம்பரில் இங்கே வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் வந்த இடத்திலேயே நின்றார்கள். வெர்னாவுக்கு எழுபத்துமூன்று வயது. வீட்டை இழுக்கிற பிக்கப் லாரியை ஓட்டத் தெரியும், பின்னால் வீட்டைக் கட்டிக்கொண்டு ஓட்டியதே இல்லை.

அயோவாவில் இருக்கிற மகள் ஜோலீன் வாரம் தவறாமல் போன் செய்தாள். போதும், வந்துவிடுங்கள், கீழ்த்தளத்தில் அறை தயாராக இருக்கிறது என்றாள். வண்டியை வாங்கிக்கொள்ள டூசான் நகரத்தில் ஒரு ஆளையும் பிடித்து வைத்திருந்தாள். பிப்ரவரி கடைசியில் நேரில் வருவதாகவும், அதற்குள் அம்மா இந்த வண்டியைத் தனியாக ஓட்டிக் காட்டினால் தான் வாயை மூடிக்கொள்வதாகவும், இல்லையென்றால் விற்பதாகவும் பேச்சு.

வெர்னா என்னிடம் வந்து ஆரஞ்சுநிறக் கூம்புகள் பத்து கேட்டார். கொடுத்தேன். தினமும் காலையில் ஊருக்கு வெளியே காய்ந்த ஏரிப்படுகைக்குப் போய், கூம்புகளை நட்டு, அவற்றுக்கு நடுவே வீட்டை மாட்டிய வண்டியைப் பின்னோக்கி விட்டுப் பழகினார். முதல் வாரம் பத்துக் கூம்பும் நசுங்கின. ரிவர்ஸில் எல்லாமே தலைகீழ். ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் வீடு வலது பக்கம் போகும். இரண்டாவது வாரம் நான்கு கூம்பு பிழைத்தன. மூன்றாவது வாரம் நசுங்கியது ஒன்றுதான். அதுகூடக் காற்றில் உருண்டு வந்து விழுந்தது என்று வெர்னா சாதித்தார்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எங்கள் கூட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கொக்கி மாட்டுகிறவரிடம் பேசக்கூடாது. அவர் சொந்தத் தம்பியாக இருந்தாலும் சரி, வணக்கம்கூடச் சொல்லக்கூடாது. வண்டிவீட்டின் முன்பகுதி பிக்கப்பின் முதுகில் இருக்கிற கொக்கியில் வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்ததும், வீட்டைத் தாங்குகிற கால்களைத் தூக்குவதற்கு முன்னால், பிக்கப்பை முன்னே ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். கொக்கி சரியாகக் கவ்வியிருந்தால் வீடு கூடவே முண்டும். இந்த ஒரு இழுப்பைத்தான் பேச்சு மறக்கடிக்கும்.

ஜோலீன் வருவதற்கு முந்தின நாள் வெர்னா கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார். அந்த வழியாகப் போன நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா போயிருக்கலாம். அவரை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. எழுபத்துமூன்று வயதில் இப்படி ஒரு மனுஷியா, நாளைக்கு மகள் முகத்தில் கரி பூசப்போகிறீர்கள் என்று ஆரம்பித்து மூன்று நிமிடம் புகழ்ந்து தள்ளினேன். வெர்னா சிரித்தார். கால்களைத் தூக்கினார். ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். ஐந்தடி நகர்ந்ததும் வீட்டின் முன்பகுதி கொக்கியிலிருந்து வழுக்கி, பிக்கப்பின் பக்கத் தகடுகள் மேல் விழுந்தது. திடல் முழுக்கக் கேட்டது.

யாருக்கும் அடியில்லை. இரண்டு பக்கத் தகடும் மடங்கிப்போயின. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். வெர்னா இறங்கி வந்து, தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீ பேசினே, நான் கேட்டேன். இதுல ரெண்டு பேருக்கும் பங்கு இருக்கு," என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

டெல்பர்ட் தடவித் தடவி வந்து மடங்கிய தகட்டைத் தொட்டார். விழுந்த இடத்திலிருந்து, கால்களைத் தூக்குகையில் வெர்னா நிற்கிற இடம் எவ்வளவு தூரம் என்று என்னைத்தான் கேட்டார். இரண்டடி என்றேன். அவர் உள்ளே போனார்.

மறுநாள் மதியம் ஜோலீன் வந்தாள். நல்ல பெண்தான், பெற்றவர்கள் மேல் உயிர். கட்டிப்பிடித்துவிட்டு, எதையும் சுற்றிவளைக்காமல் சொன்னாள்: "அம்மா, நீ ஒண்ணும் ஓட்டிக்காட்ட வேணாம். அப்பாவே நேத்து போன் பண்ணி வித்துடுன்னு சொல்லிட்டார். வாங்கறவர் திங்கக்கிழமை வர்றார்."

வெர்னா திரும்பிப் புருஷனைப் பார்த்தார்.

"உன் கால் அடியில மாட்டியிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்றார் டெல்பர்ட். "என்னால அத பாக்கக்கூட முடியாது, வெர்னா. சத்தம் மட்டும்தான் கேக்கும்."

வெர்னா கையுறையை எடுத்து மாட்டினார். "யோவ், எழுந்திரு. போய்ப் பின்னாடி நில்லு," என்றார்.

தகடுகளை அண்டைவீட்டு ஆண்கள் முந்தின மாலையே சுத்தியால் தட்டி ஒருமாதிரி நிமிர்த்தியிருந்தார்கள். வெர்னா கொக்கி மாட்டுகையில் திடலில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. இழுத்துப் பார்த்தார். இறங்கி வந்து குனிந்து பார்த்தார். ஏறி மறுபடியும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வெளியே போய் ஊரைச் சுற்றிவிட்டு நான்கு மணிக்குத் திரும்பி வந்தார். அவர்களுடைய பழைய இடத்தை அதற்குள் வேறு வண்டி பிடித்துவிட்டது, நாற்பத்தொன்றாம் இடம்தான் காலி. திடலிலேயே மோசமான இடம் அது. இடது பக்கம் மின்கம்பம், வலது பக்கம் முள்மரம், நுழைகிற வழி வளைவில்.

டெல்பர்ட் போய்ப் பின்னால் நின்றார். நின்றவர், வண்டிக்கு முகத்தைக் காட்டாமல் மலைப்பக்கமாகத் திரும்பிக்கொண்டு கையைத் தூக்கினார். பெண்டாட்டியோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் நிற்பது போல இருந்தது.

என் பக்கத்தில் நின்ற ஜோலீன் பதறிவிட்டாள். "அப்பா வண்டிய பாக்கவே இல்லையே," என்று ஓடப்போனாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வண்டிக்குப் பின்னால் ஒரு ஆள்தான் நிற்க வேண்டும், இரண்டு பேர் கை காட்டினால் இடிப்பது நிச்சயம் என்றேன். நேராகப் பார்த்தால் அவருக்கு வண்டி தெரியாது, முகத்தைத் திருப்பினால்தான் ஓரக்கண்ணுக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அவள் நின்றாள். ஆனால் என் கையை விடவில்லை.

உள்ளங்கை விரிந்தது. வண்டி ஊர்ந்தது. முழங்கை மடிந்தது, வால் திரும்பியது. கம்பத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது கை மூடியது. வண்டி அந்த நொடியே நின்றது. வெர்னா முன்னே இழுத்து மறுபடி வந்தார். நான்கு முறை முன்னே போனார், நான்கு முறை பின்னே வந்தார். இருபத்தைந்து நிமிடம். சன்னல் கடைசிவரை இறங்கவில்லை. ஐந்தாவது முறை வண்டி கோணல் இல்லாமல் உள்ளே போய் நின்றது. ஜோலீனின் நகம் பதிந்த தடம் என் மணிக்கட்டில் சிவந்திருந்தது.

யாரும் கைதட்டவில்லை. எங்கள் ஊரில் இடித்தவர்களுக்குத்தான் கைதட்டல். எல்லோரும் பேசாமல் நாற்காலியை மடக்கிக்கொண்டு போனார்கள். அதற்கு மேல் ஒரு மரியாதை எங்களிடம் இல்லை.

வெர்னா இறங்கினார். சட்டை முதுகெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. ஜோலீன் அவரிடம் போய், சண்டை போடுகிற குரலில் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்: "அம்மா, அப்பாவுக்குக் கண்ணு தெரியாதும்மா. எந்த தைரியத்துல அவர் கைய பாத்து ஓட்டினே?"

"அடிப் பொண்ணே," என்றார் வெர்னா. "பன்னெண்டு வருஷம் உங்கப்பா வண்டி ஓட்டினாரே, பின்னாடி என்ன இருக்குன்னு ஒருநாளாவது பாத்திருப்பாரா? கண்ணாடியில என் கை மட்டும்தான் தெரியும். அப்போ எந்த தைரியத்துல ஓட்டினார்னு யாராச்சும் அவர கேட்டீங்களா?"

டெல்பர்ட் நடந்து வந்துகொண்டிருந்தார். கேட்டிருக்க வேண்டும். பாதியில் நின்றுவிட்டார், முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெர்னா போய் அவர் முழங்கையைப் பிடித்து, கம்பத்தில் மின்கம்பியைச் சொருக வேண்டும், குழாய் மாட்ட வேண்டும், இப்படி நின்றுகொண்டிருந்தால் ஆகுமா என்று அதட்டி அழைத்துக்கொண்டு போனார்.

ஜோலீன் போனை எடுத்தாள். டூசான் ஆளைத்தான் கூப்பிட்டாள் என்று நினைக்கிறேன்.

"நீங்க திங்கக்கிழமை வர வேணாங்க," என்றாள். அவன் ஏதோ கேட்டான். "இல்லல்ல, வண்டியில கோளாறு ஒண்ணும் இல்ல. வச்சிருக்கிறவங்க இன்னும் ஓட்டிக்கிட்டு இருக்காங்க."