மயக்கம்னு சொல்லாத

இன்று காலை, ஆரணியிலிருந்து செய்யாறு போகும் பஸ். எனக்கு முன்னால் நின்றிருந்த பெண் கம்பியைப் பிடித்தபடியே சரிந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். கழுத்தில் கம்பெனி அட்டை.

எழுந்து இடம் கொடுத்தேன். பூக்கூடையோடு பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார்: "மயக்கமா? விசேஷமாம்மா?"

"இன்னும் கல்யாணமே ஆகலங்க."

பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. அவள் அட்டையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

மூன்று மாதமாக, எழுந்து நின்றாலே கண் இருட்டுகிறதாம். ஷிப்டில் பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டுமே என்று தண்ணீரே குடிப்பதில்லையாம்.

"டாக்டர்கிட்ட போனியாம்மா?" என்றேன்.

"வீட்ல மாப்பிள்ளை பார்த்துகினு இருக்காங்க சார். மயக்கம்னு தெரிஞ்சா, இவங்க கேட்டதைத்தான் ஊரே கேக்கும்."

அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. "என் வாய்தான் பேஜாரு. வா, ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரேன்."

செய்யாறில் இருவரும் இறங்கினார்கள். படியில் அந்த அம்மா சொன்னது என் காதில் விழுந்தது: "ஆஸ்பத்திரி வாசல்ல ஓ.பி. சீட்டு எழுதுறவங்ககிட்ட மயக்கம்னு சொல்லாத. கண்ணு இருட்டுதுன்னு மட்டும் சொல்லு."

ரத்தக்குறைவா, ரத்த அழுத்தமா, இதயத்தில் ஏதாவதா என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவரிடமாவது அந்தச் சொல்லைச் சொல்லலாமா, நண்பர்களே?