செல்லக்கனி அக்காவின் சளி டப்பா

செல்லக்கனி அக்கா இறந்துவிட்டாள். இன்று மத்தியானம், ஊருக்கு வெளியே இருக்கும் காசநோய்க் கொட்டகையில். அப்பாதான் வந்து சொன்னார்.

பொன்னுத்தாய், ரெஜினா... நாம் மூவரும் மாற்றி மாற்றி எழுதும் இந்த நோட்டில் இதுவரை கணக்கு டீச்சரைத்தான் கேலி செய்திருக்கிறேன். அம்மா தூங்கிவிட்டாள், அதனால் எழுதுகிறேன். படித்ததும் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

அக்காவை உங்களுக்குத் தெரியாது. எங்களைப் போலவே யுத்தத்துக்குப் பயந்து பர்மாவிலிருந்து நடந்து வந்தவள். அகதிகளுக்கு விட்டிருக்கும் பஞ்சு மூட்டை அடுக்கிவந்த இந்தக் கிட்டங்கியில் எங்களுக்கு அடுத்த சாக்குத் தடுப்பு அவளுடையது. உப்பு மூட்டை தைக்கப் போவாள்.

"நடந்து வாரப்போ ஒரு கல்லு உப்புக்கு அழுதோம். இங்கன உப்பு மலையாக் கெடக்கு, போட்டுக் குடிக்கக் கஞ்சியக் காணோம்" என்பாள்.

வழியில் பிரிந்துபோன புருஷன் ஏதாவது ஒரு ரயிலில் வந்து இறங்குவார் என்று நம்பினாள். பள்ளி விட்டதும் ஸ்டேஷனில் பார்த்து வருவது என் வேலை. ஒருநாள், அக்கா சொன்ன மாதிரியே புருவத்தில் தழும்பு இருக்கிறதே என்று ஒரு வக்கீல் குமாஸ்தாவை நிறுத்திப் பெயர் கேட்டுவிட்டேன். அவருக்கு நல்ல தொப்பை.

"ஏளா, பட்டினியா நடந்து வாரவருக்குத் தொப்பை எங்கன இருந்து வரும்?" சிரித்தாள்... சிரிப்பு இருமலாகி, நிற்கவே இல்லை.

மழை முடிந்த சமயம் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். இருமுகிற பெரியவர்களுக்கெல்லாம் பெயர் ஒட்டிய தகர டப்பா. விடியற்காலைச் சளியை அதில் துப்பி வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு டப்பா கிடையாது.

நோய் என்று தெரிந்தால் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். புருஷன் தேடி வரும்போது தான் இங்கே இல்லாமல் போய்விடுவோமோ... அக்காவுக்கு அது ஒன்றுதான் பயம்.

கிட்டங்கியில் பாதிப் பேர் செய்ததை அவளும் செய்தாள். இருமாதவர்கள் இருமுகிறவர்களுக்குத் துப்பிக் கொடுத்தார்கள், குழாயில் தண்ணீர் பிடித்துக் கொடுப்பது மாதிரி. அக்கா என்னிடம் கேட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் சோறு தின்கிற பிள்ளையாம், அதனால் என் சளி சுத்தமாக இருக்குமாம்.

எனக்கும் லேசாக இருமல் இருந்தது. ஜலதோஷம் என்றுதான் இருவரும் நினைத்தோம். துப்பிக் கொடுத்தேன்.

எட்டாம் நாள் கம்பவுண்டர் வந்து, கிருமி இருப்பவர்கள் பெயரை வாசித்தார். மூன்றாவது பெயர் செல்லக்கனி.

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தச் சளி யாருடையது என்று எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சும்மா இருளா. எனக்கும்தான் இருக்கு, எம் நெஞ்சு எனக்குத் தெரியாதா? ஒம் பேரச் சொன்னா பள்ளிக்கூடத்துல சேக்க மாட்டாவ. ஒங்க வீட்டு ஆளுவளையும் இங்கன இருக்க விட மாட்டாவ."

பிறகு கம்பவுண்டரிடம், மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றாள். அழவில்லை.

அன்றிலிருந்து நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எங்கள் வீட்டில் ஐந்து பேரும் தெருவில் நிற்போம். சொல்லாமல் இருந்தால்... தம்பி என்மேல் கால் போட்டுத்தான் தூங்குகிறான். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறேன்.

ரெஜினா, நாளை உன் தண்ணீர்ச் செம்பை என்னிடம் நீட்டாதே. நான் கேட்டாலும் கொடுக்காதே. கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அக்கா, கொட்டகைக்கு வந்து உன்னை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. வாசலில் நின்றால் என் இருமலையும் கேட்டுவிடுவார்கள் என்று பயம்.

போய் வா, அக்கா.