மீசை சாரும் போக மறுத்த பிளாஸ்மிட்டும்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவரை மீசை சார் என்றால்தான் தெரியும். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. முகத்துக்கு மீசை என்பது போய், மீசைக்கு ஒரு முகம் என்று ஆகிவிட்ட ஆள்.

பாக்டீரியாக் கூட்டத்தில் எது பெருகும், எது ஒழியும் என்று சமன்பாடு போட்டுச் சொல்வதுதான் அவர் வேலை. பாக்டீரியாவை நேரில் பார்த்ததில்லை. பார்க்க ஆசையும் இல்லை. கதவுக் கைப்பிடியையே முழங்கையால் அழுத்தித் திறப்பவர். அவர் அறை மாடியில். கீழே ஆய்வகம், அங்கே பாக்டீரியா வளர்க்கும் 'கிருமி மேடம்' வைத்ததுதான் சட்டம்.

இருவருக்கும் தகராறு வந்தது பிளாஸ்மிட்டால். பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் குடியிருக்கும் குட்டி டி.என்.ஏ. வளையம். மருந்து கொடுத்தாலும் சாகாத சக்தியை அது தரும். மருந்தே இல்லாத இடத்திலோ அது வெட்டிச் சுமை. சுமக்கிற பாக்டீரியா மெதுவாகப் பெருகும். இரண்டாகப் பிரியும்போது சில சமயம் ஒரு பாதிக்கு வளையமே போய்ச் சேராது. ஒன்றையொன்று தொட்டு வளையத்தைக் கைமாற்றிக்கொள்வதையும் சேர்த்தே சார் கணக்குப் போட்டிருந்தார். அப்படியும் வரைபடத்தில் பிளாஸ்மிட்டின் கோடு சறுக்குமரம் மாதிரி பூஜ்யத்துக்கு இறங்கியது.

"ஒரு மாசம் தாங்காது மேடம். தாங்கிச்சுன்னா மீசையை எடுத்துடறேன்!"

"வார்த்தையை விடாதீங்க சார்."

"விட்டாச்சு!"

மேடம் தினமும் காலையில் ஒரு சொட்டை எடுத்து, மருந்து கலக்காத புதுத் திரவத்தில் விட்டு வளர்த்தார். அவ்வப்போது கொஞ்சம் எடுத்து, மருந்து கலந்த தட்டில் தடவுவார். பிளாஸ்மிட் உள்ளவை மட்டும் அதில் புள்ளி புள்ளியாக முளைக்கும். முதலில் புள்ளிகள் குறைந்தன. சார் மாடிப்படியில் சீட்டியடித்துக்கொண்டு ஏறினார். அப்புறம் குறைவது நின்றது. மாதம் முடிந்தும் புள்ளிகள் சட்டமாக உட்கார்ந்திருந்தன. சீட்டியும் நின்றது.

"உங்க தட்டுல மருந்தே கலக்கலை போல."

பிளாஸ்மிட் இல்லாத பாக்டீரியாவை மேடம் அதே வகைத் தட்டில் தடவிக் காட்டினார். ஒன்றுகூட முளைக்கவில்லை.

"அப்போ வெளியில இருந்து ஏதோ ஒட்டிக்கிச்சு."

"நீங்களே கீழ வந்து பாருங்க சார்."

வேறு வழியில்லாமல் சார் கீழே இறங்கினார். முகக்கவசம் மாட்டினார்கள். இரண்டு பக்கமும் மீசை நுனி எட்டிப் பார்த்தது. கலங்கலான ஒரு குழாயைத் தூக்கிப் பிடித்து, "போய்த் தொலையேன், உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று கெஞ்சினார்.

"அதுங்களுக்குக் காது கிடையாது சார்," என்றது பின்னாலிருந்து மேடத்தின் குரல். "வெளியில இருந்து ஒட்டிக்கிச்சுன்னீங்களே? எனக்கு இங்க ஒரே ஒரு பொருள் மேலதான் சந்தேகம்." சார் சுதாரிப்பதற்குள் பஞ்சுக்குச்சியால் மீசையை ஓர் இழுப்பு இழுத்து, மருந்துள்ள தட்டிலும் மருந்தில்லாத தட்டிலும் தடவிவிட்டார்.

மறுநாள் மருந்துத் தட்டில் ஒன்றும் இல்லை. சாதாரணத் தட்டிலோ மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு என்று ஒரு பூங்காவே.

"பிளாஸ்மிட் விஷயத்துல உங்க மீசை நிரபராதி. மத்தபடி அது ஒரு தனி ஊர் சார்."

அந்தத் தட்டின் படம் அன்றைக்கே சாரின் மனைவி கைபேசிக்குப் போய்விட்டது. அந்த அம்மா மருந்துக்கடை வைத்திருப்பவர். பார்த்த மாத்திரத்தில் தன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். "இதை வெச்சுக்கிட்டா சூப் குடிக்கிறீங்க?"

"எல்லார் முகத்துலயும் இருக்கும்மா."

"எல்லார் முகத்தையும் நான் கட்டிக்கலையே!"

மனம் நொந்து சார் கண்ணாடி முன் நின்றார். மீசை வைத்த புதிதில் எப்படிக் கனத்தது, எப்படி அரித்தது! இப்போது இருப்பதே தெரியவில்லை. மீசை இளைக்கவில்லை, இவருக்குத்தான் பழகிவிட்டது. அப்படியே சிலையாக நின்றவர், ஒரு காலில் செருப்போடு ஆய்வகத்துக்கு ஓடினார்.

"மேடம்! சுமை மாறவே மாறாதுன்னு கணக்குல எழுதிட்டேன். அதுங்களுக்குப் பழகியிருந்தா?"

மேடம் முதல் நாளே எடுத்து உறைய வைத்திருந்த பாக்டீரியாவையும், இத்தனை நாள் வளர்ந்ததையும் தனித்தனியாக வளர்த்து வேகம் பார்த்தார். வளையம் இரண்டிலும் ஒன்றுதான். பழையது மூச்சிரைத்துக்கொண்டு பெருகியது. புதியதோ சுமையே இல்லாதது போல் பறந்தது. வளையத்தைச் சுமந்தவைதான் வழியில் எங்கோ தாமே மாறிப்போயிருந்தன. சுமை குறையக்கூடும் என்று சார் கணக்கைத் திருத்தினார். கோடு கொஞ்சம் இறங்கி, வளைந்து, அப்படியே நின்றது, தட்டில் நின்ற புள்ளிகளைப் போலவே. சார் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ரொம்ப சந்தோஷம் சார். கத்தரி கொண்டு வரட்டுமா?" என்றார் மேடம்.

ஒரு மாதம் என்றது தோராயமாகத்தான் என்று சார் வாதாடிப் பார்த்தார். வீட்டில் சவரக்கத்தி தயாராக இருந்தது. சவரம் முடிந்ததும் மனைவி தரையில் உட்கார்ந்து சிரித்தார். "இந்த உதட்டை இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

மறுநாள் வாசலில் காவலாளி மறித்தார். "யாரைப் பாக்கணும்?"

"யோவ், நான்தான்யா மீசை சார்."

"அப்படியா? மீசை எங்க சார்?"

மேலுதட்டைத் தடவிக்கொண்டு நின்றவரை, மேடம் வந்து கையெழுத்துப் போட்டு மீட்டுக்கொண்டு போனார்.

இப்போதெல்லாம் சார் காலையில் முதலில் போவது ஆய்வகத்துக்குத்தான். மேடம் அவருக்கு மேசையில் ஓர் ஓரம் ஒதுக்கியிருக்கிறார். அங்கே சார் வேறொரு பாக்டீரியாவை வளர்க்கிறார். அதில் பிளாஸ்மிட் நிற்குமா, போகுமா என்று மேடம் ஒருநாள் கேட்டார்.

"இன்னும் கணக்கே போடலை மேடம். முதல்ல அதுங்க என்ன சொல்லுதுன்னு பாப்போம்," என்று சார் வெகு அடக்கமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே குழாயின் மூடியை இறுக்கித் திருகியதில், கையுறையின் விரலும் உள்ளே மாட்டிக்கொண்டது. கையை உதறாமல், குழாயும் தானுமாக, எடுத்துவிடச் சொல்லி மேடத்தின் முன்னால் போய் நின்றார்.